ஹாஷ் ஓட்டக் கூட்டத்தில் சேரலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்க

இரவுப்பணித் தாதி | ஞாயிறு, காலை 10.15

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வயது 43, மருத்துவமனையில் தாதி. போன வருஷம் ரத்த அழுத்தம் கூடியதும் ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். நடை மெல்ல மெல்ல ஓட்டமாகி, இப்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். 42 நிமிஷம் ஆகும்.

என் வார்டில் இருக்கும் பிலிப்பினோ அக்கா ஒருத்தர் வாரம் ஒருமுறை "ஹாஷ்" என்று ஒரு கூட்டத்தோடு ஓடுகிறார். ஒருத்தர் முன்னாடியே போய் மாவைத் தூவிப் பாதை போட்டுவிடுவாராம். மற்றவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து ஓட வேண்டுமாம். முடிந்ததும் வட்டமாக நின்று பாட்டு, பீர், சாப்பாடு. மூன்று மாசமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் ஆசைதான்.

ஆனால் ஒரு பழைய காயம் இருக்கிறது. இதற்கு முன் வேறொரு ஓட்டக் குழுவில் ஒரே ஒரு நாள் போனேன். "எல்லா வேகத்துக்காரர்களும் வரலாம்" என்று போட்டிருந்தார்கள். முதல் பத்து நிமிஷத்திலேயே எல்லாரும் கண்ணில் இருந்து மறைந்துவிட்டார்கள். நான் ஓடி முடித்து வந்தபோது குழுப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பியே போயிருந்தார்கள். பெஞ்சில் என் பை மட்டும் தனியாக இருந்தது. அன்று எம்ஆர்டி ரயிலில் வரும்போது அழுதேன்.

அதனால் கேட்கிறேன். மெதுவாக ஓடுபவளை விட்டுவிட்டுப் போய்விடுவார்களா? நான் குடிப்பதில்லை, அதனால் ஒதுக்குவார்களா? வெள்ளிக்கிழமை சைவம். காட்டுக்குள் இருட்டில் ஓடுவார்கள் என்று கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். தமிழர்கள் யாராவது இதில் இருக்கிறீர்களா?

பழைய முயல் | ஞாயிறு, பகல் 1.02

இருக்கிறேன் தங்கச்சி. 11 வருஷம் ஓடினேன். முட்டியில் அறுவை சிகிச்சை ஆன பிறகு இப்போது நடக்கிறவர்களோடு நடந்து வருகிறேன். எனக்கு வயது 61. நீங்கள் போன அந்தக் குழு செய்தது தப்பு. முதல்முறை வந்தவரை எண்ணிப் பார்க்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

மெதுவாக ஓடுபவரை விட்டுவிடுவார்களா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல, இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

பாதை போடுகிறவரை "ஹேர்" என்போம், அதாவது முயல். துரத்துகிற நாங்கள் எல்லாம் வேட்டை நாய்கள். முயல் ஒரு பை நிறைய மாவோ, சாக்கட்டியோ, கிழித்த காகிதமோ எடுத்துக்கொண்டு முன்னால் போய் அங்கங்கே அடையாளம் வைத்துவிடும். தரையில் ஒரு கைப்பிடி மாவு, கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு பொட்டு, இப்படியே போகும். நடுவில் திடீரென்று ஒரு வட்டம் வரும். அதற்குப் பெயர் "செக்". அதோடு பாதை அறுந்துவிடும். அங்கிருந்து பாதை எந்தத் திசையிலும் போகலாம், யாருக்கும் தெரியாது. வேகமாக ஓடுகிறவர்கள் நாலு பக்கமும் சிதறித் தேடுவார்கள். ஒருத்தர் முந்நூறு மீட்டர் ஓடி, மாவு பார்த்து, இதுதான் என்று நம்பிப் போனால், அது பொய்த்தடமாக இருக்கும். திரும்பி வந்தாக வேண்டும். இன்னொருத்தர் மேட்டில் ஏறி வீணாக இறங்குவார்.

இதெல்லாம் நடக்கும்போது பின்னால் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நடந்தே வந்து செக்கில் சேர்ந்துவிடுவார்கள். சரியான தடம் கண்டவர் "ஆன் ஆன்!" என்று கத்தும்போது எல்லாரும் மறுபடி ஒரே இடத்தில் இருப்போம். 4 கிலோமீட்டர் பாதையில் முன்னால் ஓடியவர் 7 கிலோமீட்டர் ஓடியிருப்பார், நீங்கள் 4 மட்டும். ஆனால் இருவரும் சேர்ந்தே வந்து சேர்வீர்கள். நல்ல முயலின் அழகு அதுதான். கூட்டம் சிதறாமல் வந்தால் நன்றாகப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். முன்னால் ஓடுகிறவர்கள் மட்டும் சீக்கிரம் முடித்து, பாதிப் பேர் காணாமல் போனால், வட்டத்தில் முயலைத்தான் நிற்க வைத்துக் கேள்வி கேட்போம்.

இங்கே நேரம் எடுப்பது இல்லை, முதலில் வந்தவருக்குப் பதக்கமும் இல்லை.

கோப்பி ஓ கோசோங் | ஞாயிறு, பகல் 2.30

அண்ணன் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். என் நண்பர் ஒருவரோடு இரண்டு முறை விருந்தாளியாகப் போனேன். ஓட்டம் அருமை. அதன் பிறகு வட்டத்தில் ஆளாளுக்கு ஏதாவது காரணம் சொல்லி நடுவில் நிற்க வைத்து, ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னார்கள். புதிதாக வந்தவர் என்பதற்காக ஒரு கிளாஸ், புதுக் காலணி போட்டு வந்ததற்காக ஒரு கிளாஸ். என் அப்பா குடியால் போனவர். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை, அது உண்மை. ஆனாலும் இதையெல்லாம் அக்கா முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

பழைய முயல் | ஞாயிறு, பகல் 3.11

தம்பி சொல்வது சரி, மறைக்க ஒன்றுமில்லை. அதற்கு "டவுன் டவுன்" என்று பெயர். கிளாஸில் என்ன இருக்கிறது என்பது குடிக்கிறவர் இஷ்டம். பாதி வருஷம் நான் பார்லி தண்ணீர்தான் குடித்தேன். முஸ்லிம் நண்பர்கள் ஹண்ட்ரட் பிளஸ் என்ற மது இல்லாத பானம் குடிப்பார்கள். ஒருவர் வெறும் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார், அதற்கும் அதே பாட்டுத்தான். முன்கூட்டியே "நான் குடிப்பதில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் ஒருவர் திணித்தால், அது உங்களுக்கான கூட்டம் இல்லை, தயங்காமல் வேறு பாருங்கள். சிங்கப்பூரில் ஹாஷ் கூட்டங்கள் பல இருக்கின்றன. ஆண்கள் மட்டும் ஓடுவது, ஆண் பெண் கலந்து ஓடுவது, குடும்பத்தோடு பிள்ளைகளையும் கூட்டி வருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது குடிக்க முடியாது. அதனால் வட்டம் அதற்கு வெகு முன்பே கலைந்துவிடும். இரவு நெடுநேரம் ஆகிவிடுமோ என்று உங்கள் வீட்டுக்காரர் கவலைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் தங்கச்சி | ஞாயிறு, மாலை 6.48

அக்கா, நேராக ஹாஷுக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் பார்க்ரன் போய்ப் பாருங்களேன். சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர், காசு கிடையாது. நான் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடுகிறேன். பிஷான்-அங் மோ கியோ பூங்காவிலும் உண்டு, அது உங்களுக்குப் பக்கம். 2004இல் லண்டனில் 13 பேர் ஓடித் தொடங்கியது. எனக்கு அதில் பிடித்ததே கடைசியில் வருகிற தொண்டூழியர்தான். ஒவ்வொரு வாரமும் ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வர ஒப்புக்கொண்டு வருகிறார். அதனால் ஓட வந்த யாரும் கடைசி ஆள் ஆக முடியாது. பிரசவத்துக்குப் பிறகு முதல்முறை போனபோது ஒரு சீன ஆண்ட்டி என்னோடு கூடவே நடந்தார், பால் கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பச்சைத்தவளை | ஞாயிறு, இரவு 9.20

ஓடுகிறவர்கள் மேல் கோபம் இல்லை. நானே வாரம் இருமுறை மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கக் காட்டில் நடப்பவன். ஆனால் காட்டுக்குள் புதிய பாதை போட்டு நாற்பது ஐம்பது பேர் ஓடுவதைப் பற்றி யாராவது பேச வேண்டும். இயற்கை வனப்பகுதியில் குறித்த பாதையை விட்டு விலகுவது குற்றம். புக்கிட் தீமா வனப்பகுதி காலை 7 முதல் இரவு 7 வரைதான். மண் இறுகிப்போனால் முளைக்க வேண்டிய செடி முளைக்காது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். எறும்புத்தின்னி இரவில்தான் வெளியே வரும். சிங்கப்பூரில் மிஞ்சியிருக்கிற காடு கொஞ்சம். அக்கா சேரும் கூட்டம் எங்கே ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பழைய முயல் | ஞாயிறு, இரவு 10.05

நன்றி, இது சொல்ல வேண்டிய விஷயம். எங்கள் கூட்டம் வனப்பகுதிக்குள் பாதை போடுவதில்லை. பூங்கா இணைப்புப் பாதை, பழைய ரயில் பாதை, கால்வாய்க் கரை, வீவக அடுக்குமாடி வீட்டு புளோக்குகளுக்கு நடுவே, கட்டடம் வரக் காத்திருக்கிற புதர் நிலம், இப்படித்தான். ராணுவப் பயிற்சி நிலத்துக்குப் பக்கத்திலேயே போவதில்லை. காகிதம் போட்டால் கடைசியில் நடக்கிற நாங்கள் பொறுக்கிக்கொண்டே வருவோம். இதைச் செய்யாத கூட்டங்களும் இருக்கலாம். கேட்டுவிட்டுச் சேர்வது நல்லதுதான்.

இரவுப்பணித் தாதி | திங்கள், காலை 8.50

வேலை முடிந்து வந்து படித்தேன். ஒருத்தரும் என்னைச் சின்னவளாக நினைக்காமல் பதில் எழுதியிருக்கிறீர்கள், நெஞ்சு நிறைந்துவிட்டது. கோப்பி ஓ தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் வார்டில் அந்தக் கல்லீரல்களை நான் தினம் பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. அது என்ன பெயர், ஹாஷ்? என் மாமியார் காதில் விழுந்ததும் ஒரு மாதிரி பார்த்தார்.

பழைய முயல் | திங்கள், காலை 11.37

மாமியார் நினைத்த போதைப்பொருள் இல்லை என்று சொல்லுங்கள். 1938இல் கோலாலம்பூரில் தொடங்கியது. ஜிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய நண்பர்களும் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் முயல்-நாய் துரத்தலை அங்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் தங்கிச் சாப்பிட்ட சிலாங்கூர் கிளப்பின் கட்டடத்தில் சாப்பாடு சப்பென்று இருக்குமாம். ஹாஷ் என்பது கொத்திய இறைச்சிப் பதார்த்தம். அதனால் அந்த இடத்தை "ஹாஷ் ஹவுஸ்" என்றார்கள், அதுவே ஓட்டத்துக்கும் பெயராகிவிட்டது. ஜிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் இங்கே சிங்கப்பூரைக் காக்கும் சண்டையில் இறந்தார். போர் முடிந்து உயிரோடு திரும்பியவர்கள் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள். 1962இல் சிங்கப்பூரில் கூட்டம் வந்தது. இன்று உலகம் முழுக்க இருக்கிறது, ஆனால் பிறந்த இடம் நம் பக்கத்து ஊர்.

1950இல் எழுதி வைத்த அவர்களுடைய நோக்கங்களில் பீர் பற்றி ஒன்று உண்டு, மறைக்கவில்லை. ஆனால் கடைசி நோக்கத்தைத்தான் நான் என் மனத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: மூத்த உறுப்பினர்களுக்கு, அவர்கள் நினைக்கிற அளவுக்கு வயதாகிவிடவில்லை என்று புரியவைப்பது. மனைவி போன பிறகு இரண்டு வருஷம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. என்னை இழுத்து வந்தது இந்தக் கூட்டம்தான்.

போகும்போது என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நீளக் காலுறை போடுங்கள், புதரில் பிரம்பு முள் கிழிக்கும். பழைய காலணி. நம் ஊரில் 7.30 மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தலைவிளக்கு அவசியம். கொசு மருந்து. மாற்றுத்துணி, சேற்றுக் காலணி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை. விருந்தாளிக் கட்டணம் ரொக்கமாக. வியர்வை நம் ஊர் ஈரக் காற்றில் காயவே காயாது, உடம்புச் சூடு இறங்க நேரம் எடுக்கும், அதனால் முதல் இரண்டு கிலோமீட்டர் உங்கள் வழக்கத்தைவிட மெதுவாகவே போங்கள். தாதிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடி இடித்தால் ஓட்டம் நிற்கும், யாரும் வீரம் காட்ட மாட்டோம்.

சிராங்கூன் சித்தப்பா | திங்கள், இரவு 8.15

ரயில் பாதை என்றதும் எழுதத் தோன்றுகிறது. என் தாத்தா அந்த மலாயா ரயிலில் தண்டவாளத் தொழிலாளி. அந்தப் பாதையில் கைவேலை செய்தவர்களில் நம்மவர்கள் நிறைய. குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். 2011 ஜூன் 30இல் கடைசி ரயில் போனபோது என் அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். புக்கிட் தீமா இரும்புப் பாலத்தில் ஓடினால், பிள்ளை, ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.

இரவுப்பணித் தாதி | ஞாயிறு, காலை 9.05

போய்விட்டு வந்தேன்!

நேற்று ஹில்வியூ பக்கம் கார் நிறுத்துமிடத்தில் 5 மணிக்குக் கூடினார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். சீனர்கள், வெள்ளைக்காரர்கள், இரண்டு மலாய்க்காரர்கள், என் பிலிப்பினோ அக்கா, பழைய முயல் அண்ணன். அவர் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மோர் பாட்டில் இருந்தது, எனக்காகவாம். பெயர்ப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் "புதியவர்" என்று எழுதி, என் கைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள். பதிவேடு வைத்திருந்த பெண்மணி சொன்னார்: "நீ திரும்பி வந்து டிக் போடும்வரை நான் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்." எனக்கு அந்தத் தனிப் பையின் ஞாபகம் வந்தது. ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினேன்.

கிளம்பியதும் வழக்கம்போல எல்லாரும் முன்னே பறந்துவிட்டார்கள். வயிற்றில் அதே கல். ரயில் பாதைக்கு இறங்கி, மாவுப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பத்து நிமிஷத்தில் ஒரு மாவு வட்டம். அங்கே பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்! மற்றவர்கள் புதருக்குள்ளிருந்து "செக்கிங், செக்கிங்" என்று குரல் கொடுத்தார்கள். அண்ணன் எழுதியது போலவே நடந்தது. படித்தபோது நம்பினேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் கண்ணால் பார்த்தபோதுதான் உண்மையிலேயே நம்பினேன்.

மூன்றாவது செக் ஒரு கால்வாய் ஓரம். வேகக்காரர்கள் மேட்டுப் பக்கமும் சாலைப் பக்கமும் போய் வெறும் கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கால்வாய் ஓரம் குனிந்து நின்றேன். உள்பக்கச் சுவரில், கீழே, ஒரு வெள்ளைத் தெறிப்பு. மழை நனைத்த மாவு. ஓடுகிறவர் கண்ணில் அது படாது, குனிந்து நிற்கிறவருக்குத்தான் தெரியும். இரவில் நோயாளியின் சொட்டு மருந்துக் குழாயைப் பார்த்துப் பழகிய கண். இன்னும் சில அடி தள்ளிப் போய்ப் பார்த்தேன், இன்னொரு பொட்டு. அதற்குப் பிறகு இன்னொன்று.

"ஆன் ஆன்!" என்று கத்தினேன். முதலில் குரல் வெளியே வரவில்லை. இரண்டாவது முறை வந்தது. முப்பது பேர் என் பின்னால் ஓடி வந்தார்கள். நான்தான் முன்னால். ஒரு நூறு மீட்டர்தான் இருக்கும், பிறகு எல்லாரும் முந்திவிட்டார்கள். ஆனால் முந்திப் போன ஒவ்வொருவரும் என் தோளைத் தட்டிவிட்டுத்தான் போனார்கள்.

சித்தப்பா, பாலத்தில் நின்றேன். கைப்பிடி இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். உங்கள் தாத்தாவை நினைத்துக்கொண்டேன்.

வட்டத்தில் புதியவர்கள் மூன்று பேரை நடுவில் நிறுத்தினார்கள். என் கிளாஸில் மோர். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சாப்பாடு பீஹூன், அதில் சைவத் தட்டு தனியாக மூடி வைத்திருந்தார்கள். 8.40க்கு வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் காலில் இருந்த முள் கீறல்களைப் பார்த்து மருந்து எடுத்து வந்தார், பிறகு "அடுத்த சனி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

கோப்பி ஓ கோசோங் | ஞாயிறு, காலை 9.40

அக்கா, படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. மோர் என்று தெரிந்திருந்தால் நானும் அன்று நின்றிருப்பேன். அண்ணன், அடுத்த வாரம் எனக்கும் ஒரு பாட்டில் கிடைக்குமா?

பழைய முயல் | ஞாயிறு, காலை 10.22

தம்பிக்கு இரண்டு பாட்டில். வாருங்கள்.

தங்கச்சி, அந்தக் கால்வாய்ச் சுவர் மாவு நேற்றைய முயல் ரொம்ப நம்பிப் போட்டது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. இன்னும் நாலு வாரத்தில் என் முறை. முட்டி இருக்கிற நிலையில் தனியாக முழுப்பாதையும் போட முடியாது. கூட ஒருவர் வேண்டும், மாவுப் பையைத் தூக்க மட்டும் இல்லை, எங்கே ஒளித்து வைக்கலாம் என்று யோசிக்கவும். வருவீர்களா?

இரவுப்பணித் தாதி | ஞாயிறு, காலை 10.26

வருகிறேன் அண்ணன். அன்றைக்கு இரவுப்பணி இல்லாமல் மாற்றிக்கொள்கிறேன். எத்தனை கிலோ மாவு வாங்கட்டும்?

பழைய முயல் | ஞாயிறு, காலை 10.31

நாலு கிலோ போதும். கோதுமை மாவு, எது மலிவோ அது. மழை வரும்போல இருந்தால் சாக்கட்டியும் ஒரு பெட்டி.